குரல் ஏன் கரகரக்கிறது?

கேள்வி: 7 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது என் குரல் உடைந்து கேட்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். மைக் மாற்றியும் பயனில்லை.
– ஹாம் வாசகர், ஆவடி

பதில்: முதலில் ஆன்டெனாவைக் கழற்றி, டம்மி லோடு மாட்டிப் பேசுங்கள், இன்னொரு ரிசீவரில் ஹெட்போன் வைத்துக் கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தால், ஆன்டெனாவின் அலையே மைக் ஒயர் வழியாகத் திரும்பி நுழைகிறது. மொட்டைமாடி டைபோல் ரேடியோ அறைக்கு நேர்மேலே இருந்தால் இந்தத் தொல்லை எளிதில் வரும். கோஆக்ஸைச் சில சுற்றுகள் சுருட்டி சோக் போடுங்கள். மைக் ஒயரில் ஃபெரைட் மாட்டுங்கள்.

டம்மி லோடிலும் கரகரத்தால் மைக் கெயினைக் குறையுங்கள். ஏஎல்சி முள் எல்லை தாண்டவே கூடாது. பேசும்போது 13.8 வோல்ட் வெகுவாகச் சரிகிறதா என்று மீட்டரில் பாருங்கள். சரிந்தால் கோளாறு பவர் சப்ளையிலோ மெல்லிய ஒயரிலோதான். உங்களுடையது அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டா? அதில் ஏஎல்சி இல்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, நிதானமாகப் பேசுங்கள்.