பழைய கணினியிலிருந்து கோப்புகளை எடுக்க எந்த வழி? வேகக் கணக்கோடு ஒரு வழிகாட்டி

பரணில் கிடக்கும் பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடும் முன், அதன் ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசியுங்கள். பேஜ்மேக்கரில் கோத்த புத்தகம், பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள், கடைக் கணக்கு என்று வேறெங்கும் நகல் இல்லாதவை அதில் இருக்கலாம். அவற்றை வெளியே எடுக்கப் பல வழிகள் உண்டு. எது சரி என்று முடிவெடுக்க ஒரே கேள்வி போதும்: நொடிக்கு எத்தனை பைட் வரும்?

அந்தக் கேள்விக்கு அட்டைப்பெட்டியில் நேரடியான பதில் இருக்காது. சீரியல் போர்ட்டின் வேகத்தை பாட் கணக்கிலும், நெட்வொர்க் கார்டின் வேகத்தை மெகாபிட்டிலும், ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தை மெகாபைட்டிலும், சிடி டிரைவின் வேகத்தை எக்ஸ் கணக்கிலும் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட முடியாது.

மாற்றும் முறை

*பிட்டிலிருந்து பைட்:* 8 பிட் ஒரு பைட். 10 மெகாபிட் என்பது 1.25 மெகாபைட். ஆங்கிலச் சுருக்கத்தில் சிறிய ‘பி’ பிட்டையும் பெரிய ‘பி’ பைட்டையும் குறிக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் கணக்கு எட்டு மடங்கு தவறும்.

*சீரியல் போர்ட்டுக்கு 10 ஆல் வகுக்கவும்:* வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட்டும் பின்னால் ஒரு முடிவு பிட்டும் சேர்ந்து போகும். அதனால் 1,15,200 பிட் வேகத்தில் நொடிக்கு 11,520 பைட்தான் கிடைக்கும்.

*பாட்:* கம்பியில் நொடிக்கு எத்தனை முறை சைகை மாறலாம் என்பதன் அளவு இது. சீரியல் கேபிளில் பாடும் பிட்டும் சமம். மோடத்தில் அப்படியல்ல, 2,400 பிட் வேக மோடம் 600 பாடில்தான் இயங்கியது, ஒரு மாற்றத்தில் 4 பிட் அனுப்பியது.

*1000-மா, 1024-ஆ:* கேபிள், நெட்வொர்க் வேகங்களுக்கு 1000. விண்டோஸ் காட்டும் கோப்பு அளவுக்கு 1024. 4 ஜிபி என்று விற்ற டிஸ்க் விண்டோஸில் 3.72 ஜிபியாகத் தெரிவது இதனால்தான். ஃபிளாப்பியின் 1.44 மெகாபைட்டில் இரண்டும் கலந்திருக்கின்றன: 1.44 × 1000 × 1024, அதாவது 14,74,560 பைட். சிடி டிரைவில் 1 எக்ஸ் என்பது நொடிக்கு 1,53,600 பைட்.

வழிகளை ஒப்பிடுவோம்

1990களின் பிற்பகுதியில் வந்த 4 ஜிபி டிஸ்க் ஒன்று முழுவதும் நிரம்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது 400 கோடி பைட்.

*ஃபிளாப்பி:* 2,700-க்கு மேல் வேண்டும். இரண்டு மூன்று கடிதங்களுக்கு மட்டும் சரி.

*சீரியல் கேபிள்:* 11,520 பைட் வேகத்தில் 96 மணி நேரம், முழுதாக நான்கு நாள். ஆனால் டாஸ் காலத்து 20 மெகாபைட் டிஸ்க் என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பழைய 8250 சிப் உள்ள போர்ட்டில் அதிவேகத்தில் பைட்டுகள் தவறக்கூடும்; 16550ஏ சிப்பில் 16 பைட் இடைத்தேக்கம் இருப்பதால் அந்தக் கவலை குறைவு.

*பேரலல் போர்ட்:* லேப்லிங்க் கேபிள் ஒரு நேரத்தில் 4 பிட் அனுப்பும். நொடிக்கு 50 கிலோபைட் கிடைத்தால் 22 மணி நேரம்.

*யுஎஸ்பி 1.1:* 12 மெகாபிட் என்பது காகிதத்தில் 1.5 மெகாபைட், கையில் வருவது சுமார் 1 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். விண்டோஸ் 98-இல் பென் டிரைவுக்குத் தனி டிரைவர் போட வேண்டியிருக்கும்.

*நெட்வொர்க்:* 10 மெகாபிட் கார்டும் ஏறக்குறைய அதே நேரம் எடுக்கும். 100 மெகாபிட் கார்டு காகிதத்தில் 12.5 மெகாபைட், எல்லாம் ஒத்துழைத்தால் ஆறேழு நிமிடம். நடப்பில் பழைய கணினியின் டிஸ்க்கும் பிராசஸரும் அதை இழுத்துப் பிடிக்கும்.

*டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் போடுவது:* யுஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட் என்பது 60 மெகாபைட். நடைமுறையில் 30 மெகாபைட் கிடைத்தாலும் இங்கே அது பொருட்டல்ல. டிஸ்க் நொடிக்கு 10 மெகாபைட் படித்தால் அதுவே எல்லை. ஏழு நிமிடத்துக்குள் வேலை முடியும். இதற்காக வேகமான யுஎஸ்பி 3 அடாப்டருக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். சங்கிலியில் மெதுவான கண்ணிதான் மொத்த வேகத்தைத் தீர்மானிக்கிறது.

அடாப்டரில் போடும் முன் ஜம்பரை மாஸ்டர் நிலைக்கு மாற்றுங்கள். லேப்டாப் டிஸ்க்குக்கு 44 முள், மேசைக் கணினி டிஸ்க்குக்கு 40 முள். இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டராக வாங்குங்கள். 500 மெகாபைட்டுக்கும் குறைந்த மிகப் பழைய டிஸ்க்குகளைப் பல அடாப்டர்கள் அடையாளம் காணாது. அவற்றுக்குப் பழைய கணினியையே இயக்கி, சீரியல் அல்லது நெட்வொர்க் வழியாக எடுப்பதே நல்லது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஐடிஇ டிஸ்க்கைக் கழற்ற முடிந்தால் அடாப்டர். கழற்ற முடியாவிட்டால் நெட்வொர்க். இரண்டுக்கும் வழியில்லை, தகவலும் சில மெகாபைட்தான் என்றால் சீரியல் கேபிள். வேகம் மட்டும் காரணமல்ல: பழைய டிஸ்க் எவ்வளவு குறைந்த நேரம் சுற்றுகிறதோ அவ்வளவு பாதுகாப்பு. ஆகவே கோப்பு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காமல், முதலில் முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுத்து, அந்த நகலை இரண்டு இடத்தில் வையுங்கள். பிரித்துப் பார்ப்பதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்; நகலெடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.