நிறுத்துவதிலும் முன்பின் உண்டு

தொடங்கிய வரிசையைத் தலைகீழாக்கினால் நிறுத்தும் வரிசை கிடைத்துவிடும் என்பது மென்பொருள் கட்டுவோரிடையே பரவலான நம்பிக்கை. அது பாதிதான் சரி. வரிசையை முடிவு செய்வது, எந்தக் கூறு எதை நம்பி ஓடுகிறது என்பதே. திருத்தணி முருகன் கோயில் போன்ற இடத்தில், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குத் தரிசனச் சீட்டு வழங்கும் கணினி ஏற்பாடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மேலே கவுன்ட்டர் திரை, நடுவில் சீட்டு எண் போடும் சேவை, அடியில் தரவுத்தளம். தரவுத்தளத்தை முதலில் நிறுத்தினால், பணம் வாங்கிவிட்ட கவுன்ட்டருக்குக் கணக்கு எழுத இடமிருக்காது. எனவே புதுக் கோரிக்கைகளை ஏற்பது முதலில் நிற்க வேண்டும். கைவசம் உள்ளவை முடிந்தபின் சேவையையும், கடைசியாகத் தரவுத்தளத்தையும் நிறுத்தலாம். ஒன்றையொன்று சாராத குறுஞ்செய்திச் சேவையும் அச்சுச் சேவையும் ஒரே நேரத்தில் நிற்கலாம். காலையில் எது முந்தித் தொடங்கியது என்பது அங்கே பொருட்டே அல்ல. ஓட்டத்தின் நடுவே புதிதாக உருவான சார்புகளோ தொடக்கப் பட்டியலில் இருப்பதே இல்லை.

“இது அதைச் சார்ந்தது” என்று அறிவித்தால் வரிசை தானே அமையும் என்பது இன்னொரு நம்பிக்கை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் மென்பொருளாக 2010இல் வெளிவந்த சிஸ்டம்டி இதை மறுக்கிறது. அதில் ‘ரிக்கொயர்ஸ்’ என்ற குறிப்பு தேவையை மட்டும் சொல்லும். முன்பின்னைச் சொல்வது ‘ஆஃப்டர்’. பின்னதை எழுத மறந்தால் இரண்டு சேவைகளும் ஒருசேர நிற்கத் தொடங்கும். எழுதினால், நிறுத்தும்போது வரிசை தானாகத் திரும்பிக்கொள்ளும். ஜாவா மொழியிலோ, நிரல் நிற்கும்போது ஓடும்படி பதிந்துவைத்த நிறுத்தக் கொக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில், உறுதியான வரிசை எதுவுமின்றி ஓடும்.

எல்லாம் முடியும்வரை பொறுப்பதே பாதுகாப்பு என்பதும் சரியல்ல. சிக்கிக்கொண்ட ஒரு கூறு, தனக்கு அடியில் உள்ள அனைத்தையும் தடுத்துவிடும். அதனால்தான் கெடு வைக்கிறார்கள்: சிஸ்டம்டியில் இயல்பாக 90 வினாடி, கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் 30. கெடு தாண்டினால் வலுக்கட்டாய நிறுத்தம்தான். முழுக் கெடுவையும் மேலடுக்கே தின்றுவிட்டால் தரவுத்தளத்துக்கு எதுவும் மிஞ்சாது. பகிர்ந்து ஒதுக்குவது அவசியம், பலர் செய்வதில்லை.

மின்சாரம் திடீரெனப் போனால் எல்லாமே பாழ் என்ற அச்சமும் மிகையானது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதிவேட்டில் எழுதுகிறது. உறுதிசெய்யப்பட்ட பரிவர்த்தனைகளை மீண்டும் எழும்போது அதிலிருந்தே மீட்கிறது. நினைவகத்தில் மட்டும் காத்திருந்த செய்திகளுக்கு அந்த வசதி கிடையாது.