காலால் திறக்கும் குழாய்

உங்கள் பள்ளியில் மாணவர் எத்தனை பேர்? தண்ணீர்க் குழாய்கள் எத்தனை? இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலே படியுங்கள்.

300 மாணவர்கள், ஒரே குழாய் என்று வைத்துக்கொள்வோம். சோப்பிட்டு நன்றாகக் கை கழுவ ஒருவருக்கு 40 விநாடி தேவை. 300 பேருக்கு 12,000 விநாடி, அதாவது 3 மணி 20 நிமிடம். மதிய இடைவேளையோ 40 நிமிடந்தான்! நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் குழாயை மூடாமல் கழுவினால் ஒருவருக்கு 4 லிட்டர் செலவாகும். எல்லோருக்கும் 1,200 லிட்டர்.

2020 இல் கொரோனாத் தொற்று பரவியபோது 'அடிக்கடி சோப்பிட்டுக் கை கழுவுக' என்னும் அறிவிப்பு ஊரெங்கும் ஒட்டப்பட்டது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் அவ்வாண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2019 இல் உலகப் பள்ளிகளில் 43 விழுக்காட்டில் சோப்பும் நீரும் சேர்ந்த கைகழுவும் வசதி இல்லை. அவற்றில் படித்த பிள்ளைகள் 81.8 கோடி.

இன்னொரு சிக்கலும் உண்டு. அழுக்குக் கையால்தான் குழாயைத் திறக்கிறோம். கழுவி முடித்த கையால் அதே திருகைத் தொட்டு மூடுகிறோம். முன்னவர் விட்டுச் சென்றது நம் கைக்கு வந்துவிடுகிறது.

இவ்விரண்டுக்கும் ஓர் எளிய விடை 1980களில் ஜிம்பாப்வே நாட்டில் உருவாயிற்று. ஜிம் வாட் என்னும் மருத்துவர் அமைத்துக் காட்டிய இதற்கு 'டிப்பி டேப்' என்று பெயர். நாம் 'சாய்குழாய்' என்போம்.

செய்முறை எளிது. 5 லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். (பூச்சிமருந்து வைத்திருந்த கேன் கூடவே கூடாது.) கைப்பிடிக்கு எதிர்ப்புறத்தில், மூடியிலிருந்து 12 செ.மீ. கீழே, காய்ச்சிய ஆணியால் 2 மி.மீ. விட்டமுள்ள துளைகள் மூன்று இடுங்கள். இரண்டு கவட்டைக் கம்புகளைத் தரையில் ஊன்றி, கைப்பிடிக்குள் ஒரு குச்சியைச் செலுத்திக் கவட்டைகளின்மேல் வையுங்கள். கேனின் கழுத்தில் கயிறு கட்டி, அதன் மறுமுனையைத் தரையில் கிடக்கும் மிதிகட்டையோடு பிணையுங்கள். துளைகளுக்குச் சற்றுக் கீழ்வரை நீர் ஊற்றுங்கள். கட்டையை மிதித்தால் கேன் முன்னால் சாயும். நீர் துளைகளின் மட்டத்துக்கு மேல் ஏறி, தாரையாக விழும். காலை எடுத்தால் கேன் தானே நிமிர்ந்துகொள்ளும். கை எதையும் தொடவில்லை, பார்த்தீர்களா?

ஏன் நிமிர்கிறது? தாங்கும் குச்சிக்குக் கீழே கேனின் ஈர்ப்பு மையம் இருக்கிறது. சாய்க்கும்போது அம்மையம் ஒரு பக்கம் விலகுகிறது. கேனின் எடை அதைத் திரும்பக் கொண்டுவரும் திருப்புத்திறனைத் தருகிறது. ஊசல் குண்டு நடுவுக்குத் திரும்புவதும் இப்படியே.

2021 இல் பள்ளிகள் மீண்டும் திறந்த சமயம், என் கல்லூரி மாணவர்களுடன் ஒரு கிராமப் பள்ளிக்குச் சென்று இதை அமைத்தேன். திருப்புத்திறன் பற்றி விளக்கமாகப் பேசிவிட்டுக் கட்டையை மிதித்தேன். நீர் சிறிது வந்தது, பிறகு சொட்டியது, நின்றே போயிற்று. துளையில் தூசி அடைத்திருக்குமென்று ஆணியை எடுத்துக் குடைந்துகொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "மூடியைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க சார்" என்றாள். திருகினேன், தாரை பாய்ந்தது! நீர் வெளியேற வெளியேற உள்ளே இருந்த காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது. வெளியிலிருந்த வளிமண்டல அழுத்தம் நீரைத் தடுத்து நிறுத்திவிட்டது. இருபது ஆண்டுகளாக வகுப்பில் நான் நடத்தும் பாடம் இது. வீட்டில் எண்ணெய் டின்னில் இரண்டாவது ஓட்டை எதற்குப் போடுகிறார்கள் என்பதை அவள் கவனித்திருந்தாள்.

இனி நீர்க் கணக்கு. சாய்ந்த நிலையில் துளைக்கு மேல் நீர்மட்டம் 5 செ.மீ. இருக்கட்டும். டாரிசெல்லி விதிப்படி நீர் வெளியேறும் வேகம் √(2 × 9.8 × 0.05), அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். துளையின் பரப்பு 3.14 சதுர மி.மீ. ஆகவே ஒரு துளையில் விநாடிக்கு 3 மி.லி. வரவேண்டும். ஆனால் துளையைவிட்டு வெளிவரும் தாரை சற்று ஒடுங்குவதால் 2 மி.லி. அளவே வரும். மூன்று துளைக்கு 6 மி.லி. கையை நனைக்க 5 விநாடி, அலச 15 விநாடி. மொத்தம் 120 மி.லி. 300 பேருக்கு 36 லிட்டர்! மூன்று குடம் தண்ணீர் போதும்.

நேரமும் மிச்சமாகிறது. கையை நனைத்தவர் விலகி நின்று 20 விநாடி தேய்க்கலாம். அதற்குள் அடுத்தவர் நனைத்துக்கொள்வார். ஒருவர் கேனருகே நிற்பது 20 விநாடிதான் என்றால், மூன்று கேன்களில் 300 பேர் 34 நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். கேன்களை இடையிடையே நிரப்ப ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

தேய்க்கும் அந்த 20 விநாடியைக் குறைக்காதீர்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை கொழுப்பை நாடும். கொரோனா வைரசின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பின் கொழுப்பு நாடும் முனைகள் அவ்வுறைக்குள் புகுந்து அதைச் சிதைக்கின்றன. விரலிடுக்கு, நக ஓரம் எங்கும் சோப்பு சேர்ந்து இவ்வேலை முடியக் கொஞ்ச நேரம் வேண்டுமல்லவா?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கொரோனா பெரும்பாலும் காற்றின் வழியே பரவியது என்பது பின்னர் தெளிவாயிற்று. சன்னலைத் திறப்பதும் முகக்கவசமும் செய்யும் வேலையைச் சோப்பு செய்யாது. ஆனால் வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் கை வழியே வருபவை. அவை கொரோனாவுக்கு முன்பும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கத்தால் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

சோப்பைத் துளையிட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் காக்கை கொண்டுபோய்விடும். மேலே ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கோத்துவிட்டால் மழையில் கரையாது. கேனுக்கு அடியில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டிக் கூழாங்கல் நிரப்புங்கள். தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும். எங்கள் குழிக்குப் பக்கத்தில் அந்த மாணவி ஒரு வாழைக்கன்று நட்டிருந்தாள். மறு ஆண்டு நான் போனபோது அது குலை தள்ளியிருந்தது.