சிவப்பு விளக்கு எரியாவிட்டால்...

மாணவர்களே, பழைய லாரி காலையில் கிளம்ப மறுத்தால் பலரும் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். புதிதாக மாற்றிய பேட்டரியும் சில நாளில் சோர்ந்துவிடும். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

இயந்திரம் ஓடாதபோது, நன்கு மின்னேற்றப்பட்ட 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி உயரவேண்டும். உயரவில்லையா? மின்னேற்றம் நடக்கவில்லை. வார் தளர்ந்துள்ளதா, பேட்டரி முனைகளில் வெண்படிவு உள்ளதா என்று பாருங்கள்.

இரண்டும் சரியென்றால், இயந்திரத்தைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். சிவப்பு பேட்டரி விளக்கு எரியவேண்டும். எரியாவிட்டால் 'கோளாறு இல்லை' என்று மகிழவேண்டாம்! ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் கம்பிச்சுருள் மின்காந்தமானால்தான், ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல் நிகழும். பல பழைய வண்டிகளில் அதற்கான தொடக்க மின்னோட்டம் இந்த விளக்கின் வழியாகவே செல்கிறது. பல்ப் கருகிப்போனால் மின்னேற்றம் தொடங்காமலே போகலாம். மின்னேற்றம் தொடங்கியதும் விளக்கின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம். அதனால்தான் அது அணைகிறது.

இயந்திரம் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பவர்களும் உண்டு. அது வேண்டாம். மின்னழுத்தம் திடீரென எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகளைக் கருக்கிவிடக்கூடும்.