சரித்திர விலக்கணமும் மாணாக்கரும்

ஒருவருடைய வாழ்வைப் பிறரொருவர் எழுதுவது சரித்திரம். தம் வாழ்வைத் தாமே எழுதுவது சுயசரித்திரம். இவ்வளவிற் கூறி, தன்மையிடத்துச் சொல் வரின் இது, படர்க்கை வரின் அது என ஒரு குறியையுங் காட்டிவிட்டாற் பாடம் முடிந்ததென உபாத்தியாயர் பலர் அமைந்துவிடுகின்றனர். அக்குறி பிள்ளைகளை விரைவில் ஏமாற்றும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுடைய (1815–1876) சரித்திரத்தை அவர்கள் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். தாம் பாடங்கேட்ட காலத்தைச் சொல்லுமிடத்துத் தன்மையில் வைத்தே பேசுகின்றார். அதுபற்றி அந்நூல் சுயசரித்திரமாகாது. யாருடைய வாழ்வு நூலை முதலினின்று முடிவுவரை நடத்துகின்றதோ அவர் சரித்திரமே அஃது. அக்குருகுலவாசத்தையே மாணாக்கர் பக்கமாக நின்று கூறுவது அவர் பின்னெழுதிய "என் சரித்திரம்". ஒரே நிகழ்ச்சி வரும் பக்கங்களை இரு நூல்களினின்றும் எடுத்து அடுத்தடுத்து வாசிப்பித்தால் வேறுபாடு பிள்ளைகளுக்குத் தானே விளங்கும். பிள்ளையவர்கள் தேகவியோகமும் முன்னதில் உண்டு. பின்னதோ ஐயர் 1942இல் மறைந்தபோது முற்றுப்பெறாது நின்றது. தம் முடிவைத் தாமே எழுதவல்லார் யார்?

இனி, இலக்கணங்களுட் பெரிது சான்று. "இஃது எழுதினவருக்கு எங்ஙனந் தெரிந்தது?" என்னும் வினாவை வாக்கியந்தோறும் எழுப்பப் பழக்குக. ஐயர் பிறந்தது 1855இல். பிள்ளையவர்களிடம் வந்தது 1871இல். ஆகவே ஆசிரியருடைய இளமையை அவர் கண்டவரல்லர். அறிந்தாரிடம் கேட்டும், கடிதங்களையுஞ் செய்யுட்களையுந் தேடியுமே எழுதினார். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்து இரண்டு நிறக் கோடுகள் இடுவித்தல் நல்ல பயிற்சி.

நுரைச்சோலைப் பிள்ளைகளுக்கு உதாரணம் அயலிலேயே உண்டு. அதே குடாநாட்டில், வடக்கேயுள்ள கற்பிட்டியில் 1807இற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. கிரேக்க சரித்திராசிரியர் புளூட்டாக்கின் பெயரால் "தமிழ் புளூட்டாக்" என ஆங்கிலத்தில் ஒரு நூல் செய்து 1859இல் வெளியிட்டவர். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்த முன்னோடி நூல்களுள் அஃதொன்று. அவர் கத்தோலிக்கர், ஆயினும் சைவப் புலவரை விலக்கினாரல்லர். அந்நூலைத் துணைக்கொண்டே சதாசிவம்பிள்ளை 1886இல் "பாவலர் சரித்திர தீபகம்" இயற்றினார். இங்கே உபாத்தியாயர் சற்றே நிற்றல் வேண்டும். பின்னூல் முன்னூலைப் பின்பற்றிக் கூறுமிடத்துச் சான்று இரண்டாகிவிடாது, ஒன்றே.

திருவள்ளுவரும் ஔவையாரும் உடன்பிறந்தார் என்னுங் கதையை வகுப்பிற் சொல்லலாம். கர்ணபரம்பரை என்று சொல்லியே சொல்லுக. நாயன்மார் புராணத்தைப் பற்றிச் சிலர் அஞ்சுவர். புராணம் பத்தியை விளைத்தற்கு எழுந்தது. அதனைச் சரித்திரக் கோலால் அளக்கவும் வேண்டா, சரித்திரமென்று பெயரிட்டுப் பரீட்சைத்தாளிற் சேர்க்கவும் வேண்டா. நாவலரவர்கள் (1822–1879) வாழ்வு அத்தகையதன்று. ஆண்டுகளும் அச்சுப் புத்தகங்களும் உள்ள வாழ்வு. அதனைத் துதியாக மாத்திரம் படிப்பித்தல் அவர்களுக்கும் நியாயஞ் செய்வதன்று.

ஈற்றில் ஒரு வேலை கொடுக்க. ஊரிலுள்ள வயோதிகர் ஒருவரிடஞ் சென்று, அவர் பிறந்த ஆண்டு, கற்ற பள்ளி, செய்த தொழில் ஆகியவற்றைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். அவர் சொல்லும் ஆண்டும் அவர் தங்கையார் சொல்லும் ஆண்டும் மாறுபடின், ஒன்றை அழித்துவிடாது இரண்டையும் எழுதி, யார் யார் சொன்னதென்று பக்கத்திற் குறிக்கச் செய்க.