படத்தைப் பார்த்தாலே ஆபத்தா? புதியவர்களுக்கு ஓர் அப்டேட் பாடம்

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஊர் என்றால் பலருக்குத் தெரியும். நான் என்ஜினியரிங் முடித்துவிட்டு பெங்களூருவில் சாப்ட்வேர் என்ஜினியராக வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போனால் பாதி நேரம் என் தாய்மாமாவின் ஜெராக்ஸ் கடையில்தான் இருப்பேன். ஜெராக்ஸ், லேமினேஷன், போட்டோ பிரிண்ட் எல்லாம் அங்கே உண்டு.

பொங்கலுக்குப் போயிருந்தபோது மாமா புதுக் கம்ப்யூட்டர் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. குரோம் பிரவுசரின் வலது மேல் மூலையில் அப்டேட் செய்யச் சொல்லும் அறிவிப்பு ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு மாமா?"

"அது கிடக்குது விடு மாப்ள. அதைத் தொட்டுத்தானே போன கம்ப்யூட்டர் போச்சு."

அவர் சொன்னது உண்மைதான். முன்பு ஒரு நாள் ஏதோ ஒரு வெப்சைட்டில் "உங்கள் பிரவுசர் பழையதாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று ஒரு பெட்டி வந்தது. மாமா க்ளிக் செய்தார். ஒரு ஃபைல் டவுன்லோட் ஆனது. அதையும் திறந்தார். மறுநாள் காலை ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று ஒரு கடிதம் மட்டும் திரையில் இருந்தது. கடைசியில் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்ய வேண்டியதாயிற்று. கடைக் கணக்கும், பாட்டி இறப்பதற்கு முன் எடுத்த படங்களும் அதோடு போயின. பாட்டியின் படங்களுக்கு வேறு காப்பி இல்லை.

மாமாவுக்கு அப்டேட் என்ற வார்த்தையே ஆகாமல் போனதில் தப்பில்லை. ஆனால் பொய் அப்டேட்டுக்குப் பயந்து உண்மையான அப்டேட்டையும் நிறுத்திவைத்தால் என்ன ஆகும்? 2023-ல் நடந்த ஒரு சம்பவத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

வெப்பி என்று ஒரு பட வகை இருக்கிறது. ஜேபெக் போலத்தான், ஆனால் ஃபைல் அளவு சிறியதாக இருக்கும். 2010-ல் கூகுள் அறிமுகப்படுத்தியது. இன்டர்நெட்டிலிருந்து ஒரு படத்தைச் சேமிக்கும்போது அதன் பெயர் வெப்பி என்று முடிவதைப் பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் ஸ்டிக்கர்களும் இந்த வகைதான்.

2023 செப்டம்பர் 6 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவும், கனடாவில் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்கூடமும் கூகுளுக்கு ஒரு தகவல் கொடுத்தன. குரோம் பிரவுசர் வெப்பி படங்களைத் திறக்கும் இடத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்பதே அது. செப்டம்பர் 11 அன்று கூகுள் சரிசெய்த குரோமை வெளியிட்டது. இந்த ஓட்டையைச் சிலர் ஏற்கெனவே பயன்படுத்தித் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னது.

இதே வாரத்தில், செப்டம்பர் 7 அன்று, ஆப்பிள் ஐபோனுக்கு அவசர அப்டேட் வெளியிட்டது. வாஷிங்டனில் உள்ள ஓர் அமைப்பின் ஊழியருடைய போனில், அவர் எதையும் தொடாமலே பெகாசஸ் என்ற உளவு சாப்ட்வேரை ஏற்ற முயன்றதைச் சிட்டிசன் லேப் கண்டுபிடித்திருந்தது. அந்த ஓட்டைக்கும் குரோமில் இருந்த ஓட்டைக்கும் வேர் ஒன்றே என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் விளக்கினார்கள்.

"தெரியாத ஃபைலை ஓட்டாதே, தெரியாத லிங்க்கை க்ளிக் செய்யாதே" என்று நாம் எல்லோருக்கும் சொல்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் இங்கே படம் திரையில் வந்தாலே போதும். என் மாமா நாள் முழுக்க யார் யாரோ அனுப்பும் போட்டோக்களைத் திறந்து பிரிண்ட் போடுபவர். அவரிடம் போய்ப் படத்தைத் திறக்காதீர்கள் என்று சொல்ல முடியுமா?

லைப்ரரி என்றால் என்ன?

சாப்ட்வேர் எழுதுபவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. படத்தைத் திறப்பது, ஃபைலைச் சுருக்குவது, எழுத்தைத் திரையில் வரைவது போன்ற வேலைகளுக்கு ஏற்கெனவே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு லைப்ரரி என்று பெயர். வெப்பி படங்களைத் திறக்கும் லைப்ரரியின் பெயர் லிப்வெப்பி. இது ஓபன் சோர்ஸ். அதாவது அதன் புரோகிராமை யாரும் படிக்கலாம், இலவசமாகத் தங்கள் சாப்ட்வேரில் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தொட்டியிலிருந்து எல்லா வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் வருகிறது. அவரவர் குடத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் தொட்டியில் ஏதோ கலந்துவிட்டது என்று தெரிகிறது. தொட்டியைக் கழுவி நல்ல தண்ணீர் ஏற்றிவிட்டார்கள். பிரச்சினை முடிந்ததா? இல்லை. நேற்றுப் பிடித்த தண்ணீர் இன்னும் உங்கள் குடத்தில்தான் இருக்கிறது. அதை ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

லைப்ரரியும் அப்படித்தான். லிப்வெப்பியின் 1.3.2 பதிப்பில் பிழையைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், லிப்ரே ஆபீஸ், சிக்னல் டெஸ்க்டாப் என்று ஒவ்வொரு சாப்ட்வேருக்குள்ளும் அதன் தனிப் பிரதி ஒன்று இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது.

பிழை எங்கே இருந்தது?

படத்தைச் சிறியதாக்க ஒரு பழைய உத்தி உண்டு. 1952-ல் டேவிட் ஹஃப்மன் என்பவர் வெளியிட்டது. அடிக்கடி வரும் விஷயத்துக்குச் சின்னக் குறியீடு, எப்போதாவது வருவதற்கு நீளமான குறியீடு. தினமும் கூப்பிடும் சுப்பிரமணியை 'மணி' என்று சுருக்குகிறோம் அல்லவா, அதுபோல. எந்தக் குறியீடு எவ்வளவு நீளம் என்ற விவரமும் அந்தப் பட ஃபைலிலேயே இருக்கும். லிப்வெப்பி அதைப் படித்து, மெமரியில் ஓர் அட்டவணை போடும்.

கல்யாண வீட்டில் மொய் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு பேர்தான் வருவார்கள் என்று கணக்குப் போட்டு ஒரு நோட்டு வாங்கி வைக்கிறார்கள். கூட்டம் அதைவிட அதிகமாக வந்துவிட்டது. எழுதுபவர் நோட்டு முடிந்ததைக் கவனிக்காமல், பக்கத்தில் இருந்த சமையல்காரரின் சாமான் பட்டியல் மேலேயே தொடர்ந்து எழுதுகிறார். சமையல்காரர் வந்து அதைப் படித்து, அதன்படி வேலை செய்யத் தொடங்குகிறார்!

லிப்வெப்பியும் இப்படித்தான் ஏமாந்தது. முறையான படத்துக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் ஒதுக்கியிருந்தது. வேண்டுமென்றே தப்பான நீளங்களை எழுதிய ஒரு படம் வந்தால், அட்டவணை ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வளர்ந்து, பக்கத்து மெமரியில் எழுதிவிடும். அங்கே என்ன எழுதப்பட வேண்டும் என்பதைத் திட்டமிடும் ஹேக்கர், தன் கட்டளைகளை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட வைக்க வழி தேடுவார்.

எல்லோரும் படிக்கக்கூடிய புரோகிராம்தானே, யாரும் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தார்கள். தானியங்கிச் சோதனைகளும் நடந்தன. ஆனாலும் பல வருடங்கள் அது கண்ணில் படவில்லை. தெரிந்த பிறகு சில நாட்களில் சரிசெய்யப்பட்டது.

ஒரு எண் ஏற்படுத்திய குழப்பம்

பாதுகாப்பு ஓட்டைகளுக்கு உலகம் முழுவதும் பொதுவான ஓர் எண் கொடுப்பார்கள். இதற்குக் கிடைத்தது சி.வி.இ.-2023-4863. முதலில் வெளியான குறிப்பில் குரோம் பெயர் மட்டுமே இருந்தது. அதனால் "நான் குரோம் பயன்படுத்துவதில்லை, எனக்குக் கவலை இல்லை" என்று பலர் இருந்துவிட்டார்கள். செப்டம்பர் இறுதியில் லைப்ரரிக்கே தனியாக இன்னொரு எண்ணைக் கூகுள் பதிவு செய்தது. இரண்டும் ஒன்றே என்று அந்த எண் பின்னர் நீக்கப்பட்டு, பழைய குறிப்பில் லிப்வெப்பியின் பெயர் சேர்க்கப்பட்டது.

இதற்கிடையில் ஒவ்வொரு சாப்ட்வேராகச் சரியானது. ஃபயர்பாக்ஸ் செப்டம்பர் 12 அன்று 117.0.1 பதிப்பை வெளியிட்டது. லிப்ரே ஆபீஸ் 7.6.2, 7.5.7 என்ற பதிப்புகளைக் குறித்த நாளுக்கு முன்பே கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் எட்ஜ், டீம்ஸ், ஸ்கைப் ஆகியவற்றையும், விண்டோஸில் வெப்பி படங்களைத் திறக்கும் இணைப்பையும் சரிசெய்தது.

இதற்கு முன் 2014-ல் ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற லைப்ரரியில் ஹார்ட்பிளீட் ஓட்டையும், 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே லைப்ரரியில் ஓர் ஓட்டையும் உலகையே உலுக்கின. அவை பெரும்பாலும் கம்பெனிகளின் சர்வர்களில் இருந்தன. சரிசெய்ய வேண்டியவர்கள் அங்கே வேலை செய்பவர்கள். வெப்பி ஓட்டை அப்படியல்ல, நம் வீட்டு மேஜை மேலேயே இருந்தது.

சாதாரண ஆட்களை யார் தாக்கப்போகிறார்கள் என்று தோன்றும். முதலில் நடந்தவை குறிவைத்துச் செய்த தாக்குதல்கள்தான். ஆனால் பேட்ச் வெளியான பிறகு, எதை மாற்றினார்கள் என்று பார்த்து, பிழை எங்கே இருந்தது என்பதை யாரும் தெரிந்துகொள்ளலாம். அதன் பிறகு மாட்டிக்கொள்பவர்கள் அப்டேட் செய்யாதவர்கள்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை

1. குரோம்: வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை க்ளிக் செய்து, ஹெல்ப், பிறகு அபவுட் கூகுள் குரோம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது தானாகவே புதிய பதிப்பைத் தேடி எடுக்கும். முடிந்ததும் ரீலாஞ்ச் பட்டனை அழுத்துங்கள். இதை அழுத்தும்வரை பழைய குரோம்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரை மூடாமல் இரவில் கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் மட்டும் போடுபவர்கள் கவனிக்கவும்.

2. ஃபயர்பாக்ஸ்: மூன்று கோடுகள், ஹெல்ப், அபவுட் ஃபயர்பாக்ஸ்.

3. எட்ஜ்: மூன்று புள்ளிகள், ஹெல்ப் அண்ட் ஃபீட்பேக், அபவுட் மைக்ரோசாஃப்ட் எட்ஜ்.

4. விண்டோஸ் 11: ஸ்டார்ட், செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், செக் ஃபார் அப்டேட்ஸ். இது விண்டோஸுக்கு மட்டும்தான். மற்ற கம்பெனி சாப்ட்வேர்களை இது மாற்றாது.

5. மற்ற சாப்ட்வேர்கள்: பெரும்பாலானவற்றில் ஹெல்ப் மெனுவில் செக் ஃபார் அப்டேட்ஸ் இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கியவற்றை ஸ்டோருக்குள் போய் அப்டேட் செய்யுங்கள்.

6. பயன்படுத்தாத சாப்ட்வேர்களை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். தண்ணீர் பிடித்து மறந்துபோன குடம் வீட்டில் எதற்கு?

7. முக்கியமான ஃபைல்களை மாதம் ஒருமுறை பென்டிரைவில் காப்பி செய்து, பென்டிரைவைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இன்டர்நெட் பயன்படுத்துபவர்கள் டேட்டாவை மிச்சப்படுத்த மீட்டர்டு கனெக்ஷன் என்று வைத்திருப்பீர்கள். அப்போது விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களைத் தானாக எடுக்காது. வாரம் ஒரு நாள் நீங்களே போய் எடுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றில் குரோம் 109-க்கு மேல் வராது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

உண்மை எது, பொய் எது?

ஒரே ஒரு விதியை நினைவில் வையுங்கள். வெப்சைட் பக்கத்துக்குள் வரும் பெட்டியோ, மெயிலோ, வாட்ஸ்அப் மெசேஜோ உங்களை அப்டேட் செய்யச் சொன்னால் தொடாதீர்கள். மூடிவிடுங்கள். சந்தேகம் இருந்தால், மேலே சொன்னபடி மெனுவுக்குள் நீங்களே போய்ப் பாருங்கள். உண்மையிலேயே அப்டேட் இருந்தால் அங்கே தெரியும். போனிலோ மெயிலிலோ யார் கேட்டாலும் ஓ.டி.பி. கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். புதிய ஓட்டைகளைப் பற்றி இந்தியாவில் எச்சரிக்கை வெளியிடுவது செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு. 2004 முதல் இயங்குகிறது.

அன்று கடையில் மாமாவையே மவுஸைப் பிடிக்கச் சொன்னேன். மூன்று புள்ளி, ஹெல்ப், அபவுட். ரீலாஞ்ச் அழுத்தும் முன் கை நின்றது.

"ஒண்ணும் ஆகாதே மாப்ள?"

"ஆகாது மாமா. இது நீங்களா உள்ளே போய்ப் பார்த்தது. அன்னைக்கு அது தானா வந்தது."

அழுத்தினார். பிரவுசர் மூடித் திறந்தது, திறந்து வைத்திருந்த பக்கங்கள் அப்படியே வந்தன. மாமா சுவரில் இருந்த காலண்டரை எடுத்து, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் 'அப்டேட், பென்டிரைவ்' என்று எழுதி வைத்தார். நீங்களும் எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலைதான்.