எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால்

கேள்வி: காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறேன். கவிச்சி போக எலுமிச்சை மூடியைக் கையில் தேய்த்துக்கொள்வேன். புறங்கையெல்லாம் திட்டுத்திட்டாகக் கருத்துவிட்டது. மணிக்கட்டில் கோடாக இறங்கியிருக்கிறது. இப்போது பேத்தியின் தோளிலும் நாலு விரல் பதிந்ததுபோல் கருந்தடம். "யார் அடித்தது?" என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாராம். இது கம்பெனிப் புகையா, அலர்ஜியா?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது அடி இல்லை அம்மா, உங்கள் விரல்தான். சாறு ஒட்டிய கையோடு பிள்ளையைத் தூக்கியிருப்பீர்கள். அவள் வெயிலில் விளையாடப் போயிருப்பாள். டீச்சர் கேட்டது சரியே. அவரிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள்.

எலுமிச்சையில், சாற்றைவிடத் தோலில் அதிகமாக, சோராலன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. இவை உடம்பில் ஒட்டியிருக்கும்போது வெயிலின் புற ஊதா-ஏ கதிர் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். அலர்ஜி இல்லாதவருக்கும் வரும். உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துச் சிவந்து எரியும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்குக் கொப்புளிக்கும், அப்புறம் கருக்கும். திங்கட்கிழமை தேய்த்த எலுமிச்சையைப் புதன்கிழமைத் தடத்தோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குத் தரும் கார்போக அரிசியிலும் சோராலன்தான் வேலை செய்கிறது. தோலைக் கருக்கவைக்கும் குணம் அங்கே மருந்தாகிறது.

புகையைச் சந்தேகப்பட்டது நியாயம்தான். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தபோது மீனவர்களுக்கு வந்த தோல் எரிச்சலை நாம் மறக்கவில்லை. ஆனால் புகையால் வருவது முகம், கழுத்து, இமை என்று திறந்த இடமெல்லாம் பரவும். கோடாக வழியாது, விரலாகப் பதியாது.

கருப்புப் போகட்டும் என்று அதன்மேலேயே மறுபடி எலுமிச்சை தேய்க்கிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீமும் வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் தானே மங்கும். அதுவரை முழுக்கைச் சட்டையால் மூடி வையுங்கள்.

எலுமிச்சையை விட மனமில்லையென்றால் வீட்டுக்குப் போய், பொழுது சாய்ந்தபின் தேயுங்கள். தேய்த்ததும் விரலிடுக்கு, மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொடுங்கள். ஜூஸாகக் குடிப்பதற்குத் தடையில்லை. பேத்திக்குக் கொப்புளம் வந்தாலோ, எலுமிச்சையே படாத இடத்தில் புதுத் தடம் தெரிந்தாலோ ஸ்டான்லி மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டிவிடுங்கள்.